பகைத்து நிற்கும் இரு தரப்புக்கு நடுவே ஒரு பாத்திரம்: முதல் நாவல் எழுதுவோருக்கான வழிகாட்டி

பகை கொண்ட இரு கூட்டத்தாருக்கு நடுவே ஒரு மனிதரை நிறுத்தி நாவல் எழுத விரும்புகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இராமேசுவரம் தீவின் விசைப்படகுக்காரர்களையும் நாட்டுப்படகுக்காரர்களையும் களமாக வைத்து நான் எழுதிய முதல் நாவல் முடிய நான்கு ஆண்டுகள் ஆயின. அவற்றில் முதல் இரண்டு ஆண்டுகள் முழுவதுமாக வீணாயின. இரு தரப்பையும் நேசித்து, இரு தரப்பிடமும் நியாயம் பேசி, கடைசியில் சமாதானம் செய்துவைக்கும் ஓர் இளைஞனை முதல் வரைவில் எழுதியிருந்தேன். அதைப் பாம்பனில் ஒரு நாட்டுப்படகுக்காரரிடம் படித்துக் காட்டியபோது, அவர் பாதியிலேயே நிறுத்தச் சொல்லி, "தம்பி, இவனை எந்தப் படகுலயும் ஏத்த மாட்டாங்க. இவனுக்கு எங்கயும் ஒரு வேலையும் இல்லையே" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

1. பகை எந்த இடத்தில், எந்த நேரத்தில் மோதுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

"இந்தத் தரப்புக்கும் அந்தத் தரப்புக்கும் ஆகாது" என்ற பொதுச் செய்தியை வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம்கூட எழுத முடியாது. பகை எந்தப் பொருளைத் தொட்டு வருகிறது, அந்தப் பொருள் எப்போது இருவர் கைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை முதலில் ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் களத்தை நீங்கள் இன்னும் அறியவில்லை என்று பொருள்.

எனது களத்தில் அந்தப் பக்கம் இப்படி அமைந்தது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். விசைப்படகின் இழுவை மடி, அதாவது படகின் பின்னால் இழுத்துச் செல்லும் பை போன்ற வலை, தரையை ஒட்டி இழுபட்டுச் செல்லும். நாட்டுப்படகுக்காரர் நண்டுக்கு விடும் வலையும் அதே தரையில்தான் கிடக்கும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. இதைத் தவிர ஊர் ஏற்பாடு ஒன்றும் உண்டு. திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள் விசைப்படகுக்கு. மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் விட்ட வலையைத் திங்கட்கிழமை விடியலில் எடுக்கத் தாமதமானால், கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிக்கொண்டு கிளம்பிவரும் விசைப்படகின் பாதையில் அந்த வலை கிடக்கும். என் நாவல் முழுவதும் அந்தச் சில மணி நேரத்தின்மேல்தான் நிற்கிறது.

உங்கள் களம் வேறாக இருக்கலாம். தலைமடைக்காரரையும் கடைமடைக்காரரையும் எழுதுகிறீர்கள் என்றால், முறைத் தண்ணீர் கை மாறும் அந்த இரவைத் தேடிப் பிடியுங்கள்.

2. களத்துக்குப் போகும் முன் காகிதங்களைச் சேகரியுங்கள்

மனிதர்களிடம் போய் "என்ன சண்டை?" என்று கேட்பதற்கு முன், அந்தச் சண்டை அரசுக் காகிதத்தில் எவ்வாறு பதிவாகியிருக்கிறது என்று படித்துவிடுவது நல்லது. எனக்கு மிகவும் பயன்பட்டவை அமைதிப் பேச்சுவார்த்தைகளின் நடவடிக்கைக் குறிப்புகள். வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொண்டவை அவற்றில் வரிசை எண்ணிட்டு இருக்கும். கீழே இரு தரப்புப் பிரதிநிதிகளின் கையெழுத்தும் இருக்கும். நான் பார்த்த குறிப்புகள் எதிலும் நடுவில் நின்று இரு தரப்பையும் அந்த மேசைக்குக் கூட்டிவந்தவரின் பெயர் இல்லை. அவருக்குக் கையெழுத்துப் போட ஓர் இடமே இல்லாததைக் கண்டபோதுதான், எந்த மனிதரை எழுத வேண்டும் என்பது எனக்குப் புலப்பட்டது.

இவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய். அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டி அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் தனி. பதிலுக்கான கெடு 30 நாட்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேலும் ஒன்றரை மாதம் வரை ஆகக்கூடும். ஆகவே களப் பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே மனுவை அனுப்பிவிடுங்கள்.

இங்கே பெரும்பாலோர் தடுக்கி விழுவது கேள்வியின் அமைப்பில்தான். எனது முதல் இரண்டு மனுக்களில் "மோதல்கள் ஏன் தொடர்கின்றன?" என்று கேட்டிருந்தேன். காரணமோ கருத்தோ சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை என்பதால் இரண்டும் பயனின்றிப் போயின. ஆண்டையும் அலுவலகத்தையும் குறிப்பிட்டு, "இந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல்" என்று இருக்கும் காகிதத்தை மட்டும் கேட்ட மூன்றாவது மனுவுக்குத்தான் பதில் வந்தது.

3. போகும் நாளைத் தொழிலின் நாட்காட்டி முடிவு செய்யட்டும்

நமக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் போனால் அங்கே யாருக்கும் பேச நேரம் இருக்காது. நான் முதன்முறை சென்றது ஒரு சனிக்கிழமை. விசைப்படகுகள் கடலுக்குப் போயிருந்தன. கரையில் இருந்தவர்கள் ஐஸ் ஏற்றியும் கணக்குப் பார்த்தும் களைத்துப் போயிருந்தார்கள். இரண்டு நாள் அறை வாடகையும் பயணச் செலவும் வீணாகி, அரைப் பக்கக் குறிப்போடு ஊர் திரும்பினேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் ஏறிப் பலகை மாற்றுவதும் சாயம் பூசுவதும் அப்போதுதான் நடக்கும். படகில் வேலை செய்பவர்கள் நிழலில் உட்கார்ந்து வலை கட்டும்போது மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆனால் தடை விசைப்படகுகளுக்கே உரியது. நாட்டுப்படகுகள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்பதால், அவர்களைக் காலையில் தேடாமல், மீன் ஏலம் முடிந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிற்பகலில் தேடிப் போங்கள். விசைப்படகுத் தொழிலாளர்களில் சிலர் தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்குக் கூலிக்குப் போவதையும் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். பத்து மாதங்கள் எதிர்த் தரப்பில் இருப்பவர் இரண்டு மாதங்கள் இவர்கள் படகில் வலை இழுக்கிறார். பாலமாக நிற்கும் மனிதரை நான் இரண்டு ஆண்டுகள் என் கற்பனையில் தேடியிருக்கிறேன். அவரோ அங்கே சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

செலவைப் பொறுத்தவரை, சென்னையிலிருந்து இரயிலில் போய் ஐந்து நாட்கள் தங்கித் திரும்ப எனக்கு ஒரு தடவைக்கு ஆறாயிரம் முதல் ஏழாயிரம் ரூபாய் வரை ஆயிற்று. நான்கு முறை போனேன். அறையைக் கோயிலைச் சுற்றி எடுக்காமல் அதே தீவில் உள்ள தங்கச்சிமடம் பக்கம் எடுத்தால் வாடகையும் குறையும், விடியற்காலையில் கரைக்கு நடந்தும் போகலாம். தகவல் சொல்பவருக்குப் பணம் கொடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு தரப்பில் ஒருவருக்குக் கொடுத்தது மறுநாள் மற்றத் தரப்பில் தெரிந்துவிடும். அதன்பின் அவர்கள் உங்களை அந்த ஆளின் ஆளாகவே பார்ப்பார்கள்.

4. பாத்திரத்துக்கு இரு தரப்பிலும் கணக்கு இருக்க வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படித்தால் போதும். இரு தரப்புக்கு நடுவில் ஒருவர் நிற்பதற்கு நல்ல மனம் காரணமாக இருந்தால் வாசகர் நம்ப மாட்டார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு கடன், அந்தப் பக்கம் ஓர் உறவு; இந்தப் பக்கம் கூலி, அந்தப் பக்கம் சொத்து என்று விலக முடியாத கணக்கு இருந்தால், அவர் நடுவில் நிற்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

என் நாவலில் நடுவில் நிற்கும் இளைஞனான சூசையை இரண்டாம் முறை எழுதத் தொடங்கும் முன், அவனுடைய வீட்டுத் தகரப் பெட்டியில் என்னென்ன காகிதங்கள் இருக்கும் என்று பட்டியல் போட்டேன். குடும்ப அட்டை, மீனவர் நலவாரிய அட்டை, மீனவர் கூட்டுறவுச் சங்கப் புத்தகம் ஆகியவை எல்லார் வீட்டிலும் இருப்பவை. அவற்றுக்கு அடியில், விசைப்படகுச் சம்மாட்டியிடம், அதாவது படகு உரிமையாளரிடம், முன்பணம் வாங்கியதற்கான துண்டுச் சீட்டு. அந்தத் தொகை தீரும்வரை அவன் வேறு படகுக்குப் போக முடியாது. அதற்கும் அடியில், அவன் அப்பா பெயரில் உள்ள நாட்டுப்படகின் பதிவுச் சான்று. அப்பாவும் கடனில்தான் இருக்கிறார். நண்டு வாங்கும் வியாபாரியிடம் வலைக்குப் பணம் வாங்கியிருப்பதால், விலை குறைவானாலும் அவரிடமே நண்டு போட வேண்டும். மகன் சம்மாட்டிக்குக் கட்டுப்பட்டவன், தகப்பன் வியாபாரிக்குக் கட்டுப்பட்டவர், இருவரும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். இந்தப் பெட்டியை எழுதி முடித்த இரவில் நாவலின் பாதி தானாக அமைந்துவிட்டது.

திங்கட்கிழமை விடியலில் சூசை ஓட்டும் விசைப்படகு ஒரு வலையை இழுத்துக் கிழிக்கிறது. அது யாருடைய வலை என்று இருட்டில் தெரியவில்லை. இந்தக் காட்சியை எழுதும் முன் கரையில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சோதிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தேன். வலையை மணலில் நீளமாக விரித்து, முதலில் மிதப்புகளை எண்ணினார். பிறகு அடிக்கயிற்றில் ஈயக்குண்டு எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கடைசியாக அறுந்த கயிற்றின் முனையைக் கண்ணருகே கொண்டுபோனார். கத்தி பட்ட முனை நேராக இருக்கும். இழுபட்டு அறுந்த முனை பிரிந்து பஞ்சாக நிற்கும் என்றார். முனை பஞ்சாக இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. வலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். கோபத்தை எழுதத் திணறிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஐந்து நிமிடங்கள் போதுமானவையாக இருந்தன.

நடுவில் நிற்பவர் இழப்பதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் அவரைப் பயன்படுத்திக்கொள்ளும், இரு தரப்பும் சந்தேகிக்கும். வலைக்கு நட்டஈடு பேச சூசை போகும்போது சம்மாட்டி அவனை "அவங்க ஆளு" என்கிறார். நாட்டுப்படகுச் சங்கத்தில் அவனுக்கு நாற்காலி போடவில்லை. இந்த இரண்டு அவமானங்களும் நிகழாமல் சமாதானம் நிகழ்ந்தால், அந்தச் சமாதானத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

5. மூன்றாம் தரப்பை உள்ளே விடும் முன் யோசியுங்கள்

பெரிய பகை ஒன்று அருகிலேயே இருக்கும்போது அது சிறிய பகையை விழுங்கிவிடும். பாக் விரிகுடாவை எழுதினால் இலங்கையின் வடபகுதி மீனவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். அங்கே இழுவை மடி 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது; எல்லை தாண்டிப் போகும் விசைப்படகுகளால் அவர்கள் வலையும் அறுபடுகிறது; அவர்களும் தமிழே பேசுகிறவர்கள். இதை ஓர் அத்தியாயமாகச் சேர்க்கலாம் என்று தொடங்கி, எட்டு மாதங்கள் கழித்து என் கையில் வேறொரு நாவலின் பாதி இருந்தது. 140 பக்கங்களை எடுத்துத் தனியே வைத்தேன். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு நாட்டு மீனவர்களும் அருகருகே உட்காரும் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவைத்தேன். மூன்றாம் தரப்புக்கு அந்த அளவு இடம் போதும்.

6. பேச்சை இரு தரப்புக்கும் ஒன்றாக்கிவிடாதீர்கள்

விசைப்படகில் வேலை செய்பவருக்குச் சங்காயம் என்பது கோழித்தீவனத்துக்குப் போகிற கழிவு மீன். நாட்டுப்படகுக்காரர் அதே சொல்லைச் சொல்லும்போது, வளர்ந்திருந்தால் தன் வலைக்கு வந்திருக்கும் குஞ்சுகளைச் சொல்கிறார். ஒரே சொல் இரண்டு வாய்களில் இரண்டு பொருள் தருகிற இத்தகைய இடங்களைத் தனி நோட்டில் குறித்துவையுங்கள். நடுவில் நிற்பவரின் திறமை அந்த இரண்டு பொருளையும் அறிந்திருப்பதில்தான் உள்ளது. முறைச்சொற்களிலும் கவனம் தேவை. சம்மாட்டியை எல்லார் முன்னிலும் "முதலாளி" என்பவன், அவர் வீட்டுத் திண்ணையில் "மாமா" என்று கூப்பிடலாம். அவன் எந்த இடத்தில் எந்தச் சொல்லைத் தேர்கிறான் என்பதே ஒரு காட்சி.

7. வரைவை இரு தரப்பிலும் படிக்கக் கொடுங்கள்

ஒரு தரப்புக்கு மட்டும் கொடுத்தால் நாவல் அறியாமலேயே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தரப்புக்கு இரண்டு பேர் போதும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். முன்பணம், வட்டி, நகை அடகு ஆகியவற்றில் என் வரைவில் இருந்த பிழைகள் அனைத்தையும் கண்டுபிடித்தவர்கள் பெண்களே. முழு நாவலையும் கையில் திணிக்காமல், அவர்கள் தொழிலைத் தொடும் நாற்பது, ஐம்பது பக்கங்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். ஒரு தொகுப்புக்கு நகல் செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. இதற்கும் தடைக்காலமே உகந்தது என்பதால், முதல் தடைக்காலத்தில் களப்பணி, அடுத்த தடைக்காலத்தில் வரைவு வாசிப்பு என்று ஓர் ஆண்டு இடைவெளி வைத்துத் திட்டமிடுங்கள்.

8. பெயர்களையும் உரிமைகளையும் சரிசெய்துகொள்ளுங்கள்

காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையிலோ பேச்சுவார்த்தைக் குறிப்பிலோ உள்ள பெயர், படகு எண், தெரு ஆகியவற்றை நாவலுக்குள் கொண்டுவராதீர்கள். "அனைத்தும் கற்பனையே" என்ற ஒரு வரியை முன்பக்கத்தில் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஒருவரை ஊரே அடையாளம் காணும்படி எழுதியிருந்தால் அந்த வரி அவதூறு வழக்கைத் தடுத்து நிறுத்தாது. சண்டைக்கார ஊரில் இதன் விளைவு நீதிமன்றத்துக்கு முன்பே தெருவில் தெரிந்துவிடும். நான் சங்கப் பெயர்களை மாற்றினேன், படகுகளின் நிறத்தை மாற்றினேன், ஒரு மரணத்தை முழுவதுமாக நீக்கினேன்.

பதிப்புரிமை, எழுதி முடித்த உடனேயே சட்டப்படி உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. வேண்டும் என்றால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்தபின் எவரேனும் ஆட்சேபம் தெரிவிப்பதற்காக 30 நாட்கள் காத்திருக்க வேண்டும், அதன்பிறகே ஆய்வு தொடங்கும். நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். எழுத்தாளரே சொந்தமாகவும் விண்ணப்பிக்கலாம் என்பதால், இதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்.

9. பதிப்பாளரிடம் போகும் காலமும் ஒப்பந்தமும்

சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடப்பதால், பதிப்பகங்களின் அச்சு வேலை அதற்கு முந்தைய மாதங்களில் குவிந்துவிடும். நவம்பரில் கொண்டுபோன என் கைப்பிரதியை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் கொடுத்தபோது ஆறு வாரங்களில் பதில் கிடைத்தது.

எழுத்தாளரிடம் முன்கூட்டியே பணம் கேட்கும் இடங்களில் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். எத்தனை படிகள், எந்தத் தேதிக்குள், விற்காத படிகள் யாருக்கு, உரிமைத்தொகை எத்தனை விழுக்காடு, எந்த மாதத்தில் கணக்கு என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். உரிமைத்தொகை பொதுவாக விலையில் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நீங்களே அச்சிடுவதாக இருந்தால் குறைந்தது மூன்று அச்சகங்களில் மதிப்பீடு வாங்குங்கள். என்னுடைய 260 பக்க நாவலை 300 படிகள் அச்சிட எனக்குக் கிடைத்த மூன்று மதிப்பீடுகளுக்கும் இடையே பதினாறாயிரம் ரூபாய் வேறுபாடு இருந்தது. தாளின் தரம் மூன்றிலும் ஒன்றுதான். நீங்களே வெளியிட்டால் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு 30 நாட்களுக்குள் ஒவ்வொரு படி அனுப்பும் கடமையும் உங்களுடையதே. அஞ்சல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்கு என்று பத்துப் படிகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றை இரு தரப்புச் சங்கத்துக்கும் ஒரே நாளில், இரு தரப்பும் கரையில் இருக்கும் நேரத்தில், நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இராமேசுவரத்தில் அதற்கு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஏற்றது. மாலையானால் நாட்டுப்படகுக்காரர்கள் வலை விடக் கிளம்பிவிடுவார்கள்.